எது போச்சுன்னு சொல்லுங்க

கோபம் வந்தால் எனக்கு வார்த்தை குறைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது மூன்றே மூன்று வார்த்தைதான். "எது போச்சுன்னு சொல்லுங்க." அதையே பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

நான் ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். முந்தியில் நிற்கிற மயிலும் பார்டரில் ஓடுகிற மாங்காயும் தறியில் தானாக முளைத்துவிடாது. ஒருத்தர் அதைக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்தி, அட்டைகளை வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். பெட்டி அட்டையின் ஓட்டையைப் பார்த்து எந்த இழையைத் தூக்க வேண்டுமோ அதைத் தூக்கும். இருபது வருஷம் கிராஃப் பேப்பரில் வரைந்தேன். நான் டிசைன் கொடுக்கிற பட்டு வியாபாரி, நாங்கள் முதலாளி என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் "இனிமே கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தாதாம்மா எடுத்துக்குவேன்" என்றார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து மேசை மேல் வைத்தேன். வரையக் கற்றுக்கொண்டேன். அதொன்றும் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. பேப்பரில் இருந்த கட்டம் திரைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

பெரிய விஷயமாக இருந்தது வார்த்தைகள்தான்.

வாங்கின முதல் வாரமே ஒரு முந்தி முழுக்கப் போயிற்று. தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். தறியில் பாதி நெய்துவிட்டு எழுந்து போனால், மறுநாள் வந்து பார்க்கும்போது பாதி நெய்தபடியே இருக்கும். நெய்ததை நெய்தாயிற்று என்று தறியிடம் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதே பழக்கத்தில், நாளெல்லாம் வரைந்துவிட்டு, சாப்பாட்டு நேரமாயிற்றே என்று சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். திரும்பி வந்து போட்டால் ஒன்றும் இல்லை. மொபைலில் தேடினேன். "சேவ் பண்ணலைன்னா ராம்ல இருக்கறதெல்லாம் போயிடும் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப சிம்பிள்" என்றார் வீடியோவில் ஒருவர். சிம்பிளாம்! ராம் என்றால் என்ன என்று கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

அந்த ஆத்திரத்தில்தான் ஒரு நோட்டு எடுத்தேன். எனக்குப் புரியாத வார்த்தை எது வந்தாலும் அதில் எழுதி, இரண்டே கேள்வி கேட்பது என்று வைத்துக்கொண்டேன். இது எதை வைத்திருக்கிறது? கரண்ட் போனால் என்ன ஆகும்? விளக்கம் எத்தனை வழவழவென்று இருந்தாலும் சரி, இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும் வரை விடமாட்டேன். ராம்: இப்போது கையில் இருக்கிற வேலையை வைத்திருக்கிறது, கரண்ட் போனால் கீழே போட்டுவிடும். ஹார்டு டிஸ்க்: சேவ் செய்ததை எல்லாம் வைத்திருக்கிறது, கரண்ட் போனாலும் விடாது. மதர்போர்டு: ஒன்றையும் வைத்திருக்கவில்லை, எல்லாம் அதன் மேல்தான் செருகியிருக்கிறது. ஊரே சி.பி.யு. என்று கூப்பிடுகிற அந்தப் பெட்டி சி.பி.யு.வே இல்லை என்றும், உண்மையான சி.பி.யு. தீப்பெட்டி அளவுகூட இல்லாமல் உள்ளே ஒரு விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரிந்த நாளில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரைவர் என்று ஒன்று இருக்கிறது, பஸ் என்று ஒன்று இருக்கிறது, இரண்டும் பக்கத்தில் இருக்கிற கண்ணமங்கலம் வரைகூடக் கொண்டு விடாது.

நோட்டு நிறைய நிறைய எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கஷ்டமான வார்த்தை என்று எதுவும் இல்லை. சொல்லித் தர மனசில்லாதவர்கள்தான் இருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பாவு, ஊடை, கோர்வை என்று ஆயிரம் இருக்கிறது. கேட்டால் கைக்குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி காட்டிக் கொடுப்போம். தெரியாதவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்க மாட்டோம்.

இப்படி வீராப்பாக இருந்தவள், ஒரே ஒரு வார்த்தையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன். பேக்கப். எழுதி, "இன்னொரு காப்பி எடுத்து வேறு இடத்தில் வைப்பது" என்று அர்த்தமும் போட்டு, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எங்கள் ஊரில் டிசைன் போடுகிற யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஒரு டிசைனுக்கு இரண்டு காப்பி இருக்கிறது என்றாலே ஒன்று அடுத்த வியாபாரி கைக்குப் போகப்போகிறது என்றுதான் இங்கே அர்த்தம். அட்டை செட்டை பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஊர் இது. கிராஃப் பேப்பரை வேலை முடிந்ததும் கிழித்துப் போடப் பழகியவள் நான். கம்ப்யூட்டரிலும் அதே ஒழுக்கம். பென் டிரைவில் போட்டு முதலாளியிடம் கொடுப்பேன், அவர் எடுத்துக்கொண்டதும் அங்கேயே அழித்துக் காட்டுவேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலும் அழித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

தீபாவளிப் புடவைக்கு ஏழு டிசைன் கேட்டிருந்தார் முதலாளி. அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. மறுநாள் புது டிசைனைத் தறியில் ஏற்ற வேண்டும் என்றால் அமாவாசைக்குள் அவர் கையில் இருக்க வேண்டும். ஏழையும் முடித்துச் சேவ் செய்துவிட்டேன். அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு, காலை பதினோரு மணி இருக்கும், கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அசையவில்லை. விளக்கு எரியவில்லை, விசிறிகூடச் சுற்றவில்லை.

வீட்டுக்காரர் வண்டியில் பெட்டியை வைத்துக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மறுநாள் போனேன்.

"மதர்போர்டு போய்ட்ச்சிக்கா" என்றார். "உள்ள இருந்ததெல்லாம் போய்ட்ச்சி. புதுசு ஒண்ணு பாத்துக்கோங்க."

"எல்லாம்னா? என் டிசைனுமா?"

"எல்லாந்தாங்க்கா. ஷட் டவுன் பண்ணாம பட்டு பட்டுனு சுவிட்ச அமுக்கிகினு இருந்தா இன்னா ஆவும்?"

சுவிட்சை அணைத்த முதல் வாரக் கதையை முன்பு ஒரு தடவை மவுஸ் வாங்க இதே கடைக்குப் போனபோது நானே அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன். என் வாய்தான் எனக்கு எதிரி. கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். கோளாறு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'யூசர் எரர்' என்று எழுதியிருந்தது. மெஷினில் தவறில்லை, அதை வைத்து வேலை செய்தவர் மேல்தான் தவறு என்று அர்த்தம். ஏழு டிசைனும் போயிற்று என்று கேட்டதும் எனக்கு அவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார். தலையை ஆட்டினார். "இன்னாம்மா, நீயே மிஷின கெடுத்துக்கினியா?" என்றார். "எனக்கு அமாவாசைக்குள்ள வேணும். இல்லன்னா வேலூர்ல ஒருத்தர் கேட்டுகினே இருக்காரு, அவர்கிட்ட குடுத்துட்றேன். இந்த ஏழு மட்டும் இல்ல, மொத்தமும். அவருக்குக் கம்ப்யூட்டரு தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. இருபது வருஷம் இந்த ஆளுக்கு வரைந்திருக்கிறேன். கடையில் யாரோ கிறுக்கிய இரண்டு வார்த்தையில் நான் ஒன்றும் தெரியாதவள் ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், "உடு, இன்னாத்துக்குப் பேஜாரு? புதுசா வாங்கிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் புதிதாக வாங்குவதில் என் ஏழு டிசைன் வருமா, போன மானம் வருமா? நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மதர்போர்டு: ஒன்றையும் வைத்திருக்கவில்லை. என் கையெழுத்திலேயே இருந்தது. ஒன்றையும் வைத்திராத பலகை போனால் டிசைன் எப்படிப் போகும்?

போன வருஷம் வீட்டுக்காரர் தறியில் ஜக்கார்டு பெட்டி உடைந்தது. அட்டைகளைக் கழற்றிக்கொண்டு போய் என் நாத்தனார் வீட்டுத் தறியில் மாட்டினோம். புடவை முடிந்தது. பெட்டி உடைந்துவிட்டது, மயில் செத்துப்போயிற்று என்று யாராவது அழுதோமா? ஹார்டு டிஸ்க்கும் அந்த அட்டை மாதிரிதானே? கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் என்ன?

இன்னும் இரண்டு பக்கம் தள்ளி எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. வீட்டுக் கரண்ட்டை வாங்கி உள்ளே ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கிற டப்பா. அது செத்தால் உள்ளே எதுவும் அசையாது. என் பெட்டியிலும் எதுவும் அசையவில்லையே!

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே ஒரு டீச்சர் தன்னுடைய லேப்டாப்புக்காகக் காத்திருந்தார்.

"எது போச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

"அதான் சொன்னேனேக்கா, எல்லாம்."

"எல்லாம்னு ஒரு பொருள் கிடையாது தம்பி. எது போச்சுன்னு சொல்லுங்க."

"அக்கா, இது டெக்னிக்கல். உங்களுக்குச் சொன்னா புரியாது."

"புரியலன்னா எழுந்து போய்ட்றேன். எது போச்சுன்னு சொல்லுங்க."

அவர் போன் பேசப் போனார், திரும்பி வந்தார். கேட்டேன். டீ குடித்தார். கேட்டேன். டீச்சர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நான் நோட்டைப் பிரித்து மேசை மேல் வைத்தேன். "என் டிசைன் ஹார்டு டிஸ்க்ல இருக்குது. அத்த கழட்டி உங்க மிஷின்ல போடுங்க. அது செத்துப் போயிருந்தா என் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. அவருடைய திரையில் என் ஏழு டிசைனும் வரிசையாக வந்து நின்றன. மூன்றாவதைத் திறக்கச் சொன்னேன். கழுத்தைத் திருப்பி நிற்கிற என் மயில், ஒரு கட்டம்கூடக் குறையாமல் இருந்தது. அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

"உங்க லக்குக்கா" என்றார்.

"லக்கு இல்ல. இப்ப வேற எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு போட்டுப் பாருங்க."

போட்டார். என் பெட்டியில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. மதர்போர்டு நன்றாகத்தான் இருந்தது. அவர் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். டீச்சர் எழுந்து மேசைப் பக்கம் வந்து, "தம்பி, என்னுதுல எது போச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

முந்தின சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இத்த அடிச்சிட்டு, போனது எதுவோ அத்த எழுதுங்க."

"அதான் சரியா பூட்ச்சேக்கா. அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதறது."

"நீங்க பேச்சுக்கு எழுதினதுல எனக்கு வேலையே போவ இருந்துச்சு. அடிங்க."

அடித்தார். கீழே எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போனதும் மறந்திருப்பார்.

அமாவாசை அன்று தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. முதலாளி வீட்டில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, சீட்டையும் நீட்டினேன்.

"அதான் டிசைன் வந்துட்ச்சே, சீட்டு எதுக்கு?"

"படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எஸ்.எம்.பி.எஸ்.… அப்டின்னா இன்னாம்மா?"

"அன்னிக்கு யூசர் எரர்னு இருந்துச்சே, அப்ப இன்னான்னு கேட்டீங்களா? தலைய ஆட்டினீங்களே, அது மட்டும் எப்பிடிப் புரிஞ்சிது?"

முதலாளியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிறதுக்கு அதில் ஒன்றும் இல்லை. "சரி, நீயே சொல்லு" என்றார். உட்கார்ந்து சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்திருக்கும்போது, பொங்கலுக்கு என்ன வேண்டும் என்று அவரே பேச்சை ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் பென் டிரைவை அழித்துக் காட்டவில்லை. "எனக்குன்னு ஒரு காப்பி வெச்சிக்கப் போறேன், பூட்டித்தான் வெப்பேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். முணுமுணுத்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். யூசர் என்று எழுதினேன். வழக்கமான இரண்டு கேள்வியைக் கேட்டேன். எதை வைத்திருக்கிறாள்? ஏழு டிசைனையும், இனி வரையப் போவதையும். கரண்ட் போனால் என்ன ஆவாள்? ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள் என்று எழுதி நோட்டை மூடினேன்.