அக்காவின் வெறுங்கையும் ஒரு செயற்கைக்கோளும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பை எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அக்கா இருந்திருந்தால், "உனக்கு வாயடிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியுமாடி?" என்று சிரித்திருப்பார்.

அக்கா பிறந்தது இண்டூரில். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பா தவறிவிட்டார். பெங்களூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய், தொழிற்சாலை ஒன்றில் மின்கம்பி பற்றவைக்கும் வேலையில் அக்கா சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் படித்தோம். வேலை அத்தனை சுத்தமாக இருந்ததால், எழுபதுகளில் செயற்கைக்கோள் செய்யும் இடத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார்கள். வானத்தின் மேலடுக்குக் காற்றை ஆராயும் சிறிய செயற்கைக்கோள் அது. அதியமான்கோட்டை மாமாவைக் கைப்பிடித்ததும் அந்தச் சமயத்தில்தான். மாமா சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டினார்.

அந்த வேலையறையில் ஒரு தூசி ஆகாது. பூ, பவுடர், குங்குமம் எதுவும் கூடாது. கண்ணாடி வளையல் கூடவே கூடாது. சில்லு தெறித்து உள்ளே விழுந்தால், மேலே போனபின் யார் போய் எடுப்பது? அக்கா எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தாலியை வெள்ளை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்கு உட்காருவார்.

ஒருநாள் அத்தை, அதாவது அக்காவின் மாமியார், ராகி மாவும் அவரைக்காயும் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து நேரே அந்த வாசலுக்கே வந்துவிட்டார். காவலாளி சொன்னதும் அக்கா சந்தோஷத்தில் அப்படியே ஓடினார். வெறும் நெற்றி, வெறுங்கை, வெள்ளை உடை. மாமாவோ பாரம் ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் போயிருந்தார். அத்தை மூட்டையைப் போட்டுவிட்டு மண்ணில் விழுந்தார்.

"ஐயோ, எம் மவன் போயிட்டானா! எனக்கு ஒருத்தரும் சொல்லுலயே!"

"அத்த, அவரு நல்லாருக்காருங்க! வேலைக்குன்னு கழட்டி வெச்சதுங்க!"

மறுநாள் மாமா நேரில் வந்து நின்ற பிறகுதான் அத்தை சாப்பிட்டார். ஆனால், மருமகள் இனி வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா இடிந்துபோனார். செயற்கைக்கோள் வேலை பாதியில் நிற்கிறது. மாமியார் பேச்சை மீறவும் மனம் வரவில்லை.

"ஆத்தா, ஸ்டீரிங் எங்கையில இருக்குது. அவ வளையல்லயா லாரி ஓடுது?" என்றார் மாமா.

"நீ சும்மா கெட" என்று அவரை அடக்கிவிட்டு, அத்தை அக்காவிடம் திரும்பினார். "அந்தப் பொட்டி மேல போயி என்னத்தக் கண்ணு பண்ணும்?"

"மேல காத்து எப்படி இருக்குதுன்னு சொல்லுமுங்க அத்த."

"கீழ மழையக் காணோம். மேல போயி காத்தப் பாக்கறாங்களாக்கும்!"

அப்படி முறைத்தவருக்கு, அக்கா சாப்பிடாமல் சுருண்டு கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தானே ஒரு சாஸ்திரம் கட்டினார். "நீயாக் கழட்டுனாத்தான் தோசம். மாமியா கையால கழட்டுனா ஒண்ணுமில்ல. எந்திரிச்சுக் கையக் குடு."

இப்படியொரு சாஸ்திரம் எந்த ஊரிலும் கிடையாது! அதற்காகவே அத்தை ஊருக்குத் திரும்பாமல் பெங்களூரிலேயே தங்கிவிட்டார். தினமும் காலையில், "முனியப்பா, எம் மவனப் பாத்துக்க" என்று வேண்டியபடி ஒவ்வொரு வளையலாகக் கழற்றுவார். மாலையில் தானே போட்டுவிடுவார். வெளிநாட்டு ஏவுதளத்திலிருந்து அந்தச் செயற்கைக்கோள் வானேறிய செய்தி வானொலியில் வந்ததும், தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தவரும் அத்தைதான். அக்கா அழுதுகொண்டிருந்தார்.

மஞ்சள் காமாலை அக்காவை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பாடுபட்ட மருத்துவர்களுக்கும், மாறி மாறித் துணையிருந்த அக்காவின் வேலைத் தோழியருக்கும், இறுதிச் சடங்குகளில் தோள் கொடுத்த இண்டூர், அதியமான்கோட்டை உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

அன்று அக்காவைக் கிடத்தியிருந்த இடத்தில் அத்தை சொல்லி அழுததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். "தெனமும் எம் மவனுக்குத்தான் வேண்டுனேன். உன்னயும் பாத்துக்கச் சொல்ல எனக்குத் தோணுலயே கண்ணு."

அத்தை, அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் பயத்தை விழுங்கிக்கொண்டு அக்காவை வேலைக்கு அனுப்பினீர்கள். அவர் ஆசைப்பட்டதை முடித்துவிட்டுத்தான் போனார். அந்த நன்றிக்காகத்தான் இந்த மலரின் முதல் பிரதியை உங்கள் கையில் கொடுக்கிறோம்.