பேச்சில்லாத இரண்டு வீடுகளும் ஒரு சினையாடும்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாட்டையோ ஆட்டையோ பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். "என்ன போட்டீங்க?" என்று கேட்டால், "எப்பவும் போடறதுதானுங்க" என்பார்கள். மாட்டின் மூக்கில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். முந்தின நாள் வீட்டில் விசேஷம் என்பதற்கு, மாட்டைப் பிடித்து வந்த அம்மாவின் கையிலிருக்கும் மருதாணியே சாட்சி. இன்னொரு முறை அதட்டிக் கேட்டால், "மிஞ்சுன சோறு கொஞ்சூண்டு வெச்சமுங்க" என்று இறங்கி வருவார்கள். அந்தக் கொஞ்சூண்டு ஒரு கூடையா, ஓர் அண்டாவா என்பதை மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், நம் நோயாளி பேசாது, அதனால் உடையவரிடம் விவரம் கேள் என்பது. உடையவரும் பேசமாட்டார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. இங்கே வேலைக்கு வந்த புதிதில், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிற இவர்களைப் போல மரியாதையான ஜனங்கள் உண்டா என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மரியாதையில் இன்றைக்கும் குறைவில்லை. பொய்யைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள்.

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் முட்டை லாரிகளும் பள்ளிக்கூட பஸ்களும் பறந்துகொண்டிருக்க, அதிலிருந்து உள்ளே விலகிய ஓர் ஊரில் எங்கள் ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு அறைகள், முன்னால் ஒரு தகரக் கொட்டகை, பின்னால் காலி இடம். சுற்றிலும் மரவள்ளிக் காடு. இங்கே காடு என்றால் மழையை நம்பிய மேட்டு நிலம். கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடும். தழைதான் எனக்குத் தலைவலி. அதில் விஷம் உண்டு. வயிறு முட்டத் தின்ற ஆடு ஒரு மணி நேரம் தாங்குவதே அபூர்வம்.

ஆனால் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. கிழங்கு பிடுங்கும் காலம் வந்தால் நாமக்கல்லில் வாங்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். நேரத்தோடு நரம்பில் ஏற்றினால், நுரை தள்ளிக் கிடந்த ஆடு எழுந்து நின்று உடம்பை உதறிக்கொள்ளும். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். தழை தின்றது என்று யாராவது வாயைத் திறந்து சொன்னால் போதும்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் மூன்று பேர். கால்நடை ஆய்வாளர் பாதி நாள் தடுப்பூசி முகாமுக்குப் போய்விடுவார். மிச்சம் நானும் உதவியாளரும். அவர் ஐம்பதை நெருங்கும் ஆள், நல்ல உடம்பு. முட்டுகிற மாட்டைக்கூடக் கயிற்றைச் சுற்றிப் போட்டு, "படு சாமி, ஒன்னுமில்ல சாமி" என்று பேசிப் பேசியே படுக்க வைத்துவிடுவார். பக்கத்து ஊர்க்காரர். வாசலில் யார் வந்து இறங்கினாலும், அவர்கள் வீட்டில் எத்தனை உருப்படி, யாரோடு சண்டை, யாரோடு சம்பந்தம் என்று என் காதில் போட்டுவிடுவார். உடையவர்கள் மறைப்பதில் பாதி அவர் மூலமாகத்தான் எனக்குத் தெரியவரும்.

அவர் வாய் திறக்காத இடம் ஒன்றே ஒன்று. அவர் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரி, புருஷன் இல்லாமல் தனியாக வெள்ளாடு வளர்க்கும் ஓர் அக்கா. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வரப்பில் நின்ற வேப்பமரத்தை யார் வெட்டியது என்பதில் ஆரம்பித்த தகராறு. இந்தப் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டால் நின்றதுதான். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரே கல்யாணத்துக்குப் போவார்கள், ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். தவிர்க்க முடியாத இடத்தில் மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துப் பேசிக்கொள்வார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மூன்றாவது ஆள் நான்.

அந்த அக்கா ஆட்டைக் கொண்டுவந்தால் அவர் தலையைப் பிடிப்பார், அக்கா பின்னங்காலைப் பிடிப்பார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆட்டு நீளம்தான் இடைவெளி. "காலை இறுக்கிப் புடிக்கச் சொல்லுங்க மேடம்" என்பார் அவர். "கொம்பை முறுக்க வேண்டான்னு சொல்லுங்க சாமி" என்பார் அக்கா. நான் இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவையும் சொல்வேன். முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போகப் பற்றிக்கொண்டு வந்தது. படித்து வாங்கிய பட்டம் இந்த அஞ்சல் வேலைக்குத்தானா என்று இருக்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை. ஒரு சரக்கு ஆட்டோ கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றது. அந்த அக்காதான். மடியில் ஒரு சினையாட்டின் தலை. வயிறு உப்பி, கழுத்து பின்னுக்கு வளைந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ ஈன வேண்டிய ஆடு. அதனோடு ஒரு கிடாவும், மறிக்குட்டி என்கிற பெட்டைக்குட்டி ஒன்றும் ஆட்டோவில் நின்றன.

"இதுகளுக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குதுங்க சாமி, அதுதான் எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்" என்றார் அக்கா.

உதவியாளர் ஆட்டைத் தூக்கி மேசையில் போட்டார். "என்ன தின்னுச்சு?" என்றேன்.

"ஒன்னும் திங்கலீங்க. எப்பவும் போலப் புல்லுதானுங்க."

"மரவள்ளித் தழை தின்னுச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "மரவள்ளிப் பக்கமே போகலீங்க சாமி. பூச்சிதான் கடிச்சிருக்கோணும்."

பூச்சி என்றால் பாம்பு. நான் உதவியாளரைப் பார்த்தேன். அவர் ஆட்டின் தலையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க பக்கம் மரவள்ளி இருக்குதா?" என்று அவரிடமே கேட்டேன். "அவங்க காட்டுல இல்லீங்க மேடம்" என்றார். அது உண்மை. அக்காவின் காட்டில் சோளம்தான். அந்த உண்மையைச் சொன்ன விதத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆட்டின் ஈறு அதற்குள் நீலம் பாரித்திருந்தது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தழை தின்னாத ஆட்டுக்கு மாற்று மருந்தை ஏற்றினால் அதுவே விஷமாகிவிடும். வயிற்றில் ஊசி குத்திக் காற்றை இறக்கினேன். கால் காலாக மயிரை விலக்கிப் பல் தடம் தேடினேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், மடியைத் தடவிப் பார்த்தேன். இல்லாத பாம்பின் இல்லாத கடியை நான் தேடிக்கொண்டிருக்க, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடு ஒரு முறை காலை நீட்டி விறைத்தது. என் கைக்கடியில் மூச்சு நின்றது. வயிற்றுக்குள் குட்டி அசைந்துகொண்டிருந்தது. அறுத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு குட்டிகள், மயிர் முளைத்து முழுசாக இருந்தன. ஒன்று வாயைத் திறந்தது. துடைத்து, தேய்த்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் இரண்டும் பிழைக்கவில்லை.

அப்போது ஆட்டோவில் இருந்த கிடா முழங்காலை மடித்துச் சரிந்தது. வாயில் நுரை.

நான் எதுவும் கேட்கவில்லை. உதவியாளர் செத்த ஆட்டின் தலையை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கையில் அலமாரியின் கீழ்த்தட்டு மருந்து இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கிடாவின் கழுத்து மயிரை ஒதுக்கி நரம்பைக் காட்டினார். குத்தினேன். ஊசிக்குள் ஏறிய ரத்தம் செக்கச்செவேல் என்று இருந்தது. மரவள்ளி விஷத்தில் ரத்தம் அப்படித்தான் இருக்கும். மெதுவாக மருந்தை ஏற்றினேன். அதற்குள் நுரை தள்ளத் தொடங்கியிருந்த மறிக்குட்டிக்கும் போட்டேன். சற்று நேரத்தில் கிடா தலையைத் தூக்கியது, பிறகு எழுந்து நின்று உடம்பை உதறியது. எனக்குப் பிடித்த காட்சிதான். அன்றைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்றேன் அவரிடம்.

"நேத்து கெழங்கு புடுங்குனேனுங்க மேடம். தழையை வரப்போரமாப் போட்டிருந்தேன்."

"வரப்புக்கு எந்தப் பக்கம்?"

அவர் கிடாவின் வாய் நுரையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பக்கமாக் கொஞ்சம் சரிஞ்சிருக்குமுங்க" என்றார்.

"ஆட்டுக்குத்தான் வாயில்லை, உங்க ரெண்டு பேருக்குமா இல்லை?" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

"நாஞ் சொன்னா, நாந்தான் தழையை வெச்சுக் கொன்னேன்னு சொல்லுவாங்க மேடம்" என்றார் உதவியாளர்.

"அவிங்க தழையில எங்க ஆடு வாய் வெச்சுதுன்னு அவிங்களை வெச்சுக்கிட்டே எப்படிங்க சாமி சொல்லுவேன்?" என்றார் அக்கா. "ஆட்டை அவுத்துட்டு மேய உட்டவள்னு ஊரே சிரிக்குமுங்க."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். யார் தப்பு என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டேனா என்று இருவருமே காத்திருந்தது தெரிந்தது. மேசையில் சினையாடு கிடந்தது, பக்கத்தில் கோணியின் மேல் இரண்டு குட்டிகள். எனக்கு இரண்டு பேர் கன்னத்திலும் அறைய வேண்டும்போல் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டேன். சோப்பை மறுபடியும் போட்டுக் கழுவினேன்.

அக்கா செத்த ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு நின்றார். "முன்னமே சொல்லியிருந்தா பொழைச்சிருக்குங்களா சாமி?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. "பொழைச்சிருக்கும்" என்றேன். "குட்டியும் பொழைச்சிருக்கும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். உதவியாளர் ஆட்டையும் குட்டிகளையும் கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். விஷம் தின்ற ஆட்டைக் கறிக்கு அனுப்பக் கூடாது, புதைத்துவிட வேண்டும். மண்வெட்டியும் கடப்பாரையும் மாறி மாறி விழும் சத்தம் கேட்டது. அந்த இடம் சுண்ணாம்புக்கல் தரை, வெறும் மண்வெட்டிக்கு மசியாது.

கிடாவும் மறிக்குட்டியும் நன்றாகத் தெளியும்வரை அக்காவைப் போகவிடவில்லை. வெயில் ஏறிய பிறகு இரண்டையும் ஆட்டோவில் ஏற்றினார். ஏற்றிவிட்டுப் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். உதவியாளர் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா குழியின் விளிம்பில், அவர் மண்வெட்டி எட்டும் தூரத்தில் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"ஆழமாத் தோண்டச் சொல்லுங்க சாமி. நாய் இழுத்துப் போட்டுரும்."

நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களுக்காக என் வாயைத் திறப்பதில்லை என்று நின்றேன்.

உதவியாளர் நிமிரவும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. கடப்பாரையை எடுத்தார். அக்கா ஆட்டோவில் ஏறிப் போன பிறகும் தோண்டினார். குழி தொடைக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. "ஓர் ஆட்டுக்கு இது போதுங்க" என்று நானே சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.