ஞாயிறுக்கு வைத்த சமாதானம்

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்று சுவாமியார் பீடத்திலிருந்து சொன்னதும் நாங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடிப்போம். நீக்கிலாப்பிள்ளை அண்ணை மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே நடப்பார். "உங்களோடை எனக்கென்ன சண்டை? சண்டை பிடிச்சவன் வீட்டிலையெல்லோ படுத்துக் கிடக்கிறான்" என்பது அவர் நியாயம். சைக்கிளில் பறந்துபோய், அந்த வாரம் தன்னிடம் ஏச்சு வாங்கினவனைப் பாயிலிருந்து எழுப்பி, கையைப் பிடித்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து நற்கருணை வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். அவருக்காகச் சுவாமியார் பாத்திரத்தை மூடாமல் காத்திருந்த நாட்களும் உண்டு.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவர் தொழில். பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தபிறகு, கண்மருந்துப் போத்தலால் நாலு சொட்டு விட்டு எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டுவார். கைராசிக்காரர், வாய்தான் பொல்லாதது. எண்ணெய் சிந்தியவன், போல்ற் கழற்றுகிற சாவியை மாறி எடுத்துக் கொடுத்தவன், சும்மா நின்று பார்த்தவன் எல்லோருக்கும் திட்டு விழும். மனைவி அற்புதராணி கண்டித்தால், "ஞாயிறு வருந்தானே" என்பார். சனிக்கிழமை வரை அவர் நாக்குக்கு வேலி கிடையாது.

அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவர், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஜவாஹிர். அவர் அதிகம் நேசித்ததும் ஜவாஹிரைத்தான். கடை வாங்கில் இருவரும் அமர்ந்து பிளேன்ரீ குடித்தபடி உலகத்தைத் திருத்துவதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் பொழுதைக் கழித்திருக்கிறோம். பெருநாளுக்கு வட்டிலப்பம் அங்கிருந்து வரும். நத்தாருக்குப் பலகாரத் தட்டு இங்கிருந்து போகும். அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகிப்போகிறது.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு திங்கட்கிழமை, வாங்கிப்போன போல்ற் பொருந்தவில்லை என்று ஆட்கள் பார்க்க அண்ணை ஜவாஹிரைக் கள்ளன் என்றுவிட்டார். அன்று கடையில் அவருக்குத் தேநீர் வரவில்லை. வீடு வந்ததுமே இவருக்கு மனம் கேட்கவில்லையாம். ஆனாலும் வழக்கம் வழக்கந்தானே, ஞாயிறு வரட்டும் என்று இருந்துவிட்டார். மறுநாள் ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணி நேர அவகாசத்தில் முஸ்லிம்கள் எல்லோரையும், அப்போது ஊரை ஆயுதத்தோடு ஆண்ட இயக்கம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியது. விஷயம் கேள்விப்பட்டு இவர் போய்ச் சேர்ந்தபோது சோனகதெருவில் ஆடுகள்தான் நின்றன.

அதற்குப் பிறகு அவர் எந்தச் சண்டையையும் ஞாயிறுவரை வைத்திருந்ததில்லை. பாதித் திட்டில் சட்டென்று நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டுவார். எதிராளி எதற்கு அழுவது, எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் முழிப்பான். பூசைக்குத் தவறாமல் வருவார். நற்கருணை வாங்க மட்டும் எழும்பமாட்டார். சுவாமியார் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"ஆண்டவர் மன்னிச்சிருப்பார் சுவாமி. ஜவாஹிர் இன்னும் மன்னிக்கேல்லையே."

நாலு வருடம் அப்படியே போயிற்று. தொண்ணூற்று நாலில் எனக்குக் கொழும்பு போக இயக்கத்தின் பாஸ் கிடைத்தது. ஜவாஹிர் புத்தளத்தில் ஓர் அகதி முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கேயும் ஒருமுறை போய்வர நினைத்து, அண்ணையிடமும் சொல்லியிருந்தேன். புறப்படுகிற அன்று பின்னேரம் நீக்கிலாப்பிள்ளை அண்ணை எங்கள் படலையில் வந்து நின்றார். கருவாட்டுப் பொட்டலம் ஏதாவது இருக்கும் என்று பார்த்தேன். வெறுங்கைதான். அந்தக் கைகளை அவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் கண்டதில்லை. நகத்தடி எண்ணெய்க் கறையைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"மாஸ்ரர், உங்கடை கையை ஒருக்காத் தாங்கோ."

நீட்டினேன். முஸ்லிம்கள் செய்வதுபோல இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். வள்ளம் ஏறக் கிளாலித் துறைக்குப் போகிற வான் வந்து ஹோர்ன் அடித்தது. அவர் விடவில்லை.

"இதைக் கொண்டுபோய் ஜவாஹிரிட்டைக் குடுங்கோ" என்றார்.

பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, உள்ளங்கையை மூடிவிட்டார்.