யாரும் ஏசாததால் பெயிலான கிரேன் மணியம்

மணியம் போய்விட்டான். இன்று காலை, பல் துலக்கப் போன இடத்தில், ஹார்ட்.

வருகிற புதன்கிழமை கிரேன் லைசன்ஸ் டெஸ்டை வைத்துக்கொண்டு இப்படிக் கிளம்புவது அவனுக்கே உரிய ஒழுக்கக்கேடு.

தெரியாதவர்களுக்கு... தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரம் நீங்கள் பார்க்கும் சிமெண்டுக் குழாய்களில் பாதி அவன் கிரேனில் தொங்கியவை. மீதிப் பாதி அவன் லீவில் இருந்தபோது போட்டவை. அதனால்தான் கோணல்.

நான் பத்தொன்பது வருடம் அவனுக்கு சிக்னல்மேன். அவன் மேலே கேபினில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். நான் கீழே வெயிலில் நின்று, எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று காட்ட வேண்டும்.

உலகத்தில் எல்லா சிக்னல்மேனும் கையால் காட்டுவான். நான் வாயால்.

"எருமை" என்றால் தூக்கு. "பன்னாடை" என்றால் இறக்கு. அவன் மாமியார் பெயரைச் சொன்னால் நிறுத்து. "பாக்கியம்" என்று ஒரு கத்துக் கத்தினால் அவன் மட்டுமல்ல, கிரேன், லோரி, பக்கத்து வயலில் மேய்கிற கொக்கு எல்லாம் அப்படியே நிற்கும்.

விளையாட்டாக ஆரம்பித்தது... அதுவே பழக்கமாகிவிட்டது. அவன் என் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அதனால்தான் அவன் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்தது எங்கள் யார்டில் ஒரு ஜீவனுக்கும் தெரியவில்லை.

போன வருடம் பெரிய கான்ட்ராக்ட் ஒன்று வந்தது. கூடவே ஒரு சேஃப்டி ஆபீசர் தம்பியும் வந்தான். லைசன்ஸ் இல்லாமல் யாரும் கேபினில் ஏறக்கூடாது என்றான். அதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. பாஸானால் கிரேன், இல்லாவிட்டால் துடைப்பம் என்று முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார்.

மணியம் படித்தான் பாருங்கள்... ஐம்பத்தாறு வயதில். எத்தனை மீட்டருக்கு எத்தனை டன் என்கிற அட்டவணையை மலாயில் தேவாரம் மாதிரி பாடிக்கொண்டு திரிந்தான். அவன் மனைவி சரசு குழம்பு ஊற்ற வந்தால் "எத்தனை டன்?" என்று கேட்டானாம்.

எழுத்துத் தேர்வில் பாஸ்.

பிராக்டிகல் அன்று கம்பீரமாக ஏறி உட்கார்ந்தான். கீழே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன் கையை ஆட்டினான். ஆட்டினான்... ஆட்டிக்கொண்டே இருந்தான். மணியம் சிலை. கொக்கியில் சிமெண்டுக் கட்டை ஊஞ்சலாடுகிறது. பரீட்சை வாங்க வந்த அதிகாரி ஓடிவந்து, ஏன் இறக்கவில்லை என்று கேட்டார்.

"யாருமே ஏசலையே, துவான்" என்றான்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு என்றார்கள். நான் வெள்ளைக் கையுறை வாங்கி வந்து, நிறுத்தி வைத்த கிரேனில் அவனை ஏற்றிவிட்டு, யார்டில் நாற்பது அடி தள்ளி நின்று பரதம் ஆடினேன். நான் வயிற்றைச் சொறிந்தேன், "இறக்கணும்" என்றான். கொசு அடித்தேன், "வலது பக்கம் திருப்பணும்" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "டேய்... உனக்குக் கண்ணு தெரியலையா?"

கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். "யாருகிட்டயும் சொல்லாதடா. ஆபரேசனுக்கு நாள் கொடுத்திருக்காங்க. கண்ணு சரியாயிடும், பாஸாயிடுவேன். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருலா."

நான் இரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தேன். என் வரலாற்றில் அது ரெக்கார்ட்.

மூன்றாம் நாள், டீ குடிக்கிற ஒட்டுக்கடையில், கையுறையோடு, முழு நாடகம் போட்டேன். கொசு அடித்த சீனில் ஒருவனுக்கு மூக்கு வழியாக தே தாரிக் வந்தது. என் வாழ்நாளின் உச்சம். பின் மேசையில் அந்த சேஃப்டி ஆபீசர் தம்பி ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மணியம் கையில் துடைப்பம்.

அந்தத் தம்பி செய்தது சரிதான். கண் தெரியாதவனை எப்படிக் கேபினில் ஏற்றுவான். பரீட்சைப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மணியம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நிற்கிற இடத்தை மட்டும் கூட்டாமல் விட்டுவிட்டுப் போவான். எட்டு மாதம். என் காலைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் குப்பை.

கண் ஆபரேஷன் முடிந்தபின் பார்க்கப் போனேன். "தெரியுதாடா?" என்றேன். நிதானமாக என்னை மேலும் கீழும் பார்த்தான். "தெரியுது. ஒன் மூஞ்சி இவ்ளோ கேவலமா இருக்கும்னு யாரும் சொல்லலியே."

சரசு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் பெயர் கொடுத்தான். கேபினில் இப்போது வேறு பையன். இருந்தாலும் லைசன்ஸ் வந்தால் திரும்ப ஏற்றுவதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்தான்.

"புதன்கெழம டெஸ்ட். நீ வராத."

"ஏன்டா?"

"கைய நல்லா பாக்குறேன் இப்ப. நீ வந்தா வாயத் தொறப்ப... காது ஒன் பக்கம் போயிடும்."

போனை வைத்துவிட்டான்.

இன்று அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பரீட்சைச் சீட்டு இன்னும் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. போட்டோவில் புதுக் கண்ணாடி. முகம் பூராவும் கண்ணாடி.

நாளை இரண்டு மணிக்கு, பழைய எஸ்டேட் இடுகாட்டில் இறக்குகிறார்கள். நாலு பேர் கயிறு பிடிக்கிறார்கள், நாலு பேருக்கும் லைசன்ஸ் கிடையாது.

நான் தள்ளி நின்றுகொள்கிறேன், மணியம். வாயைத் திறக்க மாட்டேன். கையால்தான் காட்டுவேன்.

மெதுவா இறங்குடா... பன்னாடை.