நான்கு நிமிடச் சுடுதண்ணீர்

என் வீட்டுக்காரர் பிளம்பர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து, எத்தனை நேரத்தில் என்ன வருகிறது என்று பார்ப்பார். கடைத்தெருவில் அவருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்றே பெயர். இந்த ஆமை வேகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதுகுவலி வந்தபின் அவரால் பையைத் தூக்க முடியாததால், மூன்று வருடமாக நான்தான் உடன் போகிறேன். பை என் தோளில், டார்ச் என் கையில், முணுமுணுப்பு என் வாயில்.

அன்று ஒரு மாடி வீடு. பாத்ரூம் வாஷ்பேசினில் சுடுதண்ணீர் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.

“இது அப்பா ரூம். ஞாயித்துக்கிழமை அவரை முதியோர் இல்லத்துல சேர்க்கிறோம். அப்புறம் பாப்பா இங்க வந்துடுவா. ஸ்கூல் அவசரத்துல அவளால சுடுதண்ணிக்குக் காத்துக்கிட்டு நிக்க முடியாதுல்ல?” என்றார் எங்களைக் கூப்பிட்டிருந்த மகன்.

பெரியவர் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அடுக்கி மூடிய பெட்டி. அவர் காதுபடவே மகன் சொன்னார்: “மறதி முத்திப்போச்சு. சுடுதண்ணியத் திறந்து விட்டுட்டுப் போய்த் தூங்கிடறார். ஹீட்டரே காலியாகுது. எத்தனை தடவை சொல்றது?”

எனக்கு அந்த மகனை நாலு வார்த்தை கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, குழாய் வாயிலிருக்கும் சல்லடையைக் கழற்றப் போனேன்.

“இரு. பச்சைத்தண்ணி ஜோரா வருது பாரு. ரெண்டும் ஒரே வாய் வழியாத்தானே வருது? அங்க அடைப்பில்ல,” என்றார் என் வீட்டுக்காரர். சமையலறையில் சுடுதண்ணீர் நன்றாக வந்தது. ஆகவே ஹீட்டரிலும் கோளாறில்லை. அவர் பெரியவரிடம் போனார்.

“ஐயா, தினம் ஷேவ் பண்றப்ப என்ன செய்வீங்களோ, அதையே செஞ்சு காட்டுங்க.”

பெரியவர் சுவரைப் பிடித்து எழுந்து வந்து சுடுதண்ணீரைத் திறந்தார். நூல் போல வந்தது. விரலை நீட்டினார், சில்லென்றிருந்தது. சற்று நின்றுவிட்டு, குழாயை மூடாமலேயே கட்டிலுக்குத் திரும்பினார்.

“பாத்தீங்களா?” என்றார் மகன்.

“ஏங்கய்யா போய் உக்காந்துட்டீங்க?” என்றார் என் வீட்டுக்காரர்.

“முட்டி நிக்க விடமாட்டேங்குதுப்பா. சூடு வர்றதுக்குள்ள சில நாள் கண் அசந்துடுது.”

நாங்கள் மூவரும் பேசின் முன்னால் நின்றோம். ஹீட்டர் வீட்டின் மறுகோடியில். குழாயில் கிடந்த ஆறின தண்ணீர் முழுவதும் அந்த நூல் வழியாக வடிந்தாக வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் மகன் கால் மாற்றி நின்றார். மூன்றாவதில் கதவில் சாய்ந்தார். நான்காவதில்தான் தண்ணீர் சுட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கடிகாரத்தின்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

நான் பேசினுக்கு அடியில் டார்ச் அடித்தேன். சுடுதண்ணீர் வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது.

“இத யாரு மூடினது?”

“நான்தான்,” என்றார் மகன், குரல் இறங்கி. “அவர் மறந்தாலும் தண்ணி வீணாகாம இருக்கட்டும்னு...”

அதை முழுதும் திறந்தும் வேகம் போதவில்லை. வால்விலிருந்து குழாய்க்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டுத் திறந்ததும் வாளியில் தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரர் ஹோஸை வெட்டிக் காட்டினார். உள்ரப்பர் சூட்டில் உப்பி வழியை அடைத்திருந்தது.

“முதல்ல இது அடைச்சிருக்கு சார். சூடு வர நேரமாச்சு, ஐயா போய் உக்காந்தார். நீங்க வால்வையும் மூடினீங்க. இன்னும் நேரமாச்சு, தூங்கிட்டார்.” அவ்வளவுதான் சொன்னார். நானாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

புது ஹோஸை மாட்டிவிட்டுப் பெரியவரை மறுபடி கூப்பிட்டார். நாற்பது வினாடியில் சூடு வந்தது. பெரியவர் நின்றபடியே இரண்டு கையிலும் ஏந்தி முகத்தைக் கழுவினார். தானாகவே குழாயை மூடினார், சொட்டு விழாமல் இறுக்கி.

“நல்லா வருதே,” என்றார் மகனைப் பார்த்து, உண்மையான சந்தோஷத்தோடு. “இனிமே பாப்பாவுக்குச் சிரமம் இருக்காது.”

மகன் பெட்டியைத் திறந்து, மடித்த சட்டைகளுக்கு அடியிலிருந்து ஷேவிங் செட்டைத் தேடி எடுத்து, கண்ணாடிக்குக் கீழே பழைய இடத்தில் வைத்தார்.