ஓதில் வீட்டு அச்சைக் கழுவியது யார்?

ஓதில் வோத்ரேன் யாரையும் நம்பியதில்லை. அதற்காக அவளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. பிரான்சில் கொமேர்சி ஊரின் மதலேன் தொழிற்சாலை ஒன்றில், கல்யாணத்துக்கு முன்பிருந்து தலை நரைக்கும்வரை, பொறுக்கும் மேசையில் நின்றவள் அவள். சூளையிலிருந்து வரும் சிப்பி வடிவக் குட்டி கேக்குகள் அவள் கண்முன் ஓடிக்கொண்டே இருக்கும். முதுகில் திமில் எழாதது, ஓரம் கருகியது, அடியில் வரி பதியாதது என்று பார்த்துப் பார்த்து வெளியே எறிய வேண்டும். அதாவது, சந்தேகப்படுவதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. கடைக்காரன் நீட்டும் ரொட்டியைத் தட்டிப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால், போன வருஷத்துப் பிரசங்கத்தையே திருப்பிப் போடுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொள்வாள்.

கணவன் ரெமி ஞாயிறுதோறும் மீன்பிடிக்கப் போய் வெறுங்கையோடு வருவான். எவளோ இருக்கிறாள் என்று முடிவுகட்டி, ஒருநாள் கால்வாய்க் கரையில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வேவு பார்த்தாள். எவளும் வரவில்லை. மீனும் வரவில்லை. அவளுக்கு ஜலதோஷம் மட்டும் பிடித்தது. "மீன் பிடிக்கத் தெரியலைன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே!" என்று அதற்கும் அவனைத்தான் திட்டினாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு, சந்தேகப்பட வீட்டில் ஆள் இல்லை. ஒரே மகன் தியெரி நான்சி நகரத்தில் இருந்தான்.

மிச்சம் இருந்தவள் பக்கத்து வீட்டு ஹலினா. போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளியின் மகள், ரயில்வேக்காரனின் விதவை. கொமேர்சியிலேயே கிழவியாகிவிட்டாலும் ஊருக்கு அவள் இன்னும் 'அந்தப் போலந்துக்காரி'தான். இரண்டு வீட்டுக்கும் பின்முற்றம் ஒன்று. பின்கதவைப் பகலில் யாரும் சாத்துவதில்லை. காலையில் ஹலினா வந்து ஓதில் வீட்டில் காபி குடிப்பாள், இருவரும் சேர்ந்து ஊரைப் பிய்த்துப்போடுவார்கள். அந்த ஒரு காபிக்காகத்தான் ஓதில் விடியலில் எழுந்தாள் என்றே சொல்லலாம்.

குழப்பம் ஆரம்பித்தது அச்சில். பன்னிரண்டு சிப்பிக்குழிகள் கொண்ட பழைய இரும்பு அச்சு. அந்த ஊரில் மதலேன் அச்சைக் கழுவுகிற வழக்கமே கிடையாது. சூடு ஆறுவதற்குள் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டிவிடுவார்கள். வருஷக்கணக்கில் வெண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தால்தான் கேக் நழுவி விழும். ஒரே ஒரு தடவை சோப்பு பட்டால் போதும், அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

இலையுதிர் கால முடிவில் ஒரு சனிக்கிழமை, ஓதிலின் மதலேன்கள் ஒட்டிக்கொண்டன. கத்தியை விட்டு நெம்பினாள். திமில் ஒரு பக்கமும் வரி ஒரு பக்கமுமாகப் பிய்ந்து வந்தன. அவள் கையில் அப்படி ஒன்றுகூடப் பிய்ந்ததில்லை. அச்சை முகர்ந்து பார்த்தாள். சோப்பு.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. கொமேர்சிக்காரி எவளும் இதைச் செய்ய மாட்டாள். ஹலினாவோ கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுகிறவள். நிலக்கரி வாளியைக்கூடச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவள். அப்புறம் என்ன சாட்சி வேண்டும்?

அதோடு நிற்கவில்லை. முட்டை குறைந்தது. வெண்ணெய் பாதி காணாமல் போனது. ஊறட்டும் என்று இரவு மூடிவைத்த மாவு, காலையில் வேறு கிண்ணத்தில் இருந்தது. தியெரியிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"அம்மா, நீயே மறந்திருப்பே."

"எனக்கா மறதி? உன் பொண்டாட்டி கல்யாணத்தன்னைக்கு என்ன முறை முறைச்சான்னு இப்பவும் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. இங்க ஒரு முதியோர் இல்லத்துல ரூம் காலியாகுது. நல்ல இடம். தோட்டம் இருக்கு."

"தோட்டம் என்கிட்டயும் இருக்கு."

"நீ தனியா இருக்கிறது எனக்குப் பயமா இருக்கும்மா."

அன்றைக்கே ஓதிலுக்கு விளங்கிவிட்டது. திருடி ஒருத்தி இருந்தால் இந்த வீடு ஓதிலுக்கு. திருடி இல்லையென்றால் நான்சியில் ஒரு ரூம், ஜன்னல் வழியாக யாரோ நட்ட ரோஜா. திருடி இருந்தே ஆக வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். ஒரு நாள் படுக்கப் போகும்முன் பின்கதவிலிருந்து சாமான் அறைவரை தரையில் மாவைத் தூவிவைத்தாள். காலையில் பார்த்தால் மாவில் செருப்புத் தடம், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வரிவரியான ரப்பர் அடி. ஹலினாவின் வீட்டுச் செருப்பேதான்! சந்தையில் ஒரே கடையில், ஒரே நாளில், இருவரும் பேரம் பேசி வாங்கிய ஒரே மாதிரிச் செருப்பு என்பது ஓதிலுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது, அதைத் தள்ளிவிட்டாள்.

ஹலினா முற்றத்தில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, என் அடுப்படியில உனக்கு என்ன வேலை?"

"காபி குடிக்கிற வேலை. வேற என்ன?"

"நான் இல்லாத நேரத்துல?"

"நீ எப்ப இல்லாம இருந்திருக்கே? பூசைக்குப் போனாலும் பாதியில ஓடிவந்து பூட்டை இழுத்துப் பாக்கிறவளாச்சே!"

"பேச்சை மாத்தாதே. என் அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவினது யாரு?"

ஹலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கறுப்புச் சனியனைப் பாக்கிறப்பல்லாம் கழுவணும்னு எனக்குக் கை துடிக்கும், அது நெசந்தான். ஆனா தொட்டதில்லடி. தொட்டா நீ என் கழுத்தை நெரிப்பே."

"பாத்தியா, கை துடிக்குதுன்னு உன் வாயாலயே சொல்லிட்டே! ரெண்டு முட்டையும் வெண்ணெயும் அப்படித்தான் துடிச்சுப் போச்சா?"

சிரிப்பு நின்றது. ஹலினா கையிலிருந்த கிளிப்பை மெதுவாகக் கயிற்றில் மாட்டினாள். "எங்க அப்பாவை இந்த ஊர்க்காரங்க என்னென்னமோ சொல்லிக் கூப்பிட்டாங்க. அழுக்கன்னாங்க, குடிகாரன்னாங்க. திருடன்னு மட்டும் யாரும் சொல்லல. எனக்கு அதையும் நீ சொல்லிட்டே. நல்லா இருடி."

மறுநாள் காபிக்கு ஆள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஓதில் ஒரு கோப்பையை மட்டும் எடுத்துவைத்துக் குடித்தாள். சுவையே இல்லை. காபித்தூளிலும் கலப்படம் என்று கடைக்காரனை மனதுக்குள் வைதாள்.

மாவுத் தடத்தைப் பற்றிக் கேட்டதும் தியெரி கொஞ்சம் இறங்கிவந்தான். "நெசமாவே தடம் இருந்துச்சா? சரி, ஞாயித்துக்கிழமை வர்றேன். எவளோ உள்ள நுழையிறான்னு தெரிஞ்சா அந்த ரூம் வேண்டாம்னு சொல்லிடறேன்." ஓதிலுக்கு உடம்பில் இளமை திரும்பியது போல இருந்தது. அன்றைக்கே ஆளை வரவழைத்துப் பின்கதவுக்குக் கைத்தடி கனத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாள்.

ஞாயிறு காலை. மகனுக்காக முதல்நாளே கரைத்துவைத்த மாவு கெட்டியாக, சில்லென்று இருந்தது. கேக் அடுப்பைச் சூடேற்றினாள். அச்சில் தடவச் சின்னச் சட்டியில் வெண்ணெயை உருக வைத்தாள். அச்சு மேசைமேல் இருந்தது. வெண்ணெய் உருகட்டும் என்று தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவரப் போனாள். அசைக்க முடியாமல் கிடந்தது. முன்கதவும் பூட்டியபடி. ஜன்னல்களும் சாத்தியபடி. திருப்தியோடு திரும்பினாள்.

மேசைமேல் அச்சு இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில், நுரைக்குள் முங்கிக் கிடந்தது. நுரைக் குமிழிகள் இன்னும் உடைந்துகொண்டிருந்தன.

"வெளிய வாடி!" என்று கத்தினாள் ஓதில். மாவுருட்டும் கட்டையை எடுத்துக்கொண்டாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சாமான் அறையில் பார்த்தாள். மாடியேறிக் கட்டிலுக்கு அடியிலும் ரெமியின் பழைய கோட்டுகளுக்குப் பின்னாலும் கட்டையால் குத்திப் பார்த்தாள். புகைபோக்கி வழியாக இறங்கியிருப்பாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஹலினாவின் உடம்புக்கு அந்தப் புகைபோக்கி மூன்று வேண்டும்.

கட்டை கையிலிருந்து வழுக்கியது. ஏன் வழுக்குகிறது என்று பார்த்தாள். சட்டைக் கை முழங்கைவரை சுருட்டிவிடப்பட்டிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாகச் சோப்பு நுரை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திருடிக்குப் பயப்படுவது அவளுக்குப் பழகிய பயம், ஒருவகையில் பிடித்தமான பயமும்கூட. இப்போது வந்தது வேறு. தன் கை தன்னைக் கேட்காமல் வேலை செய்கிறது. அதை எந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத் தடுப்பது? வாய்விட்டு அழுதாள்.

அப்புறம் எழுந்தாள். நுரையைத் துடைத்து, அச்சை உலர்த்தி, வாயை மூடிக்கொண்டால் போதும். தியெரி பாதி நம்பிவிட்டான். பழியைச் சுமக்கத்தான் போலந்துக்காரி இருக்கிறாளே. ஊரும் தலையாட்டும். வீடு மிஞ்சும். துணியைக் கையில் எடுக்கவும் செய்தாள். எடுத்தவள், அதைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்து முற்றத்தைக் கடந்தாள்.

ஹலினா கதவைப் பாதி திறந்தாள். "இப்ப என்ன காணோம்? வீட்டுக் கூரையா?"

ஓதில் நனைந்த கைகளை நீட்டிக் காட்டினாள். "நான்தான்டி. எல்லாம் நான்தான். எனக்கே தெரியாம நானே செஞ்சிருக்கேன்."

ஹலினா அந்தக் கைகளைப் பார்த்தாள். திட்டுவதற்குச் சேர்த்துவைத்ததெல்லாம் வாய்வரை வந்து நின்றது முகத்தில் தெரிந்தது.

"வாழ்நாள் பூரா எல்லாரையும் நான் சந்தேகப்பட்டேன்," என்றாள் ஓதில். "இனிமே என்னை யாராவது சந்தேகப்படணும். நீ படுடி. வேற யாரும் எனக்கு இல்ல."

ஹலினா மூக்கை உறிஞ்சினாள். அழுகையை அடக்குகிறாள் என்று ஓதில் நினைத்தாள். ஆனால் அவள் முகர்ந்துகொண்டிருந்தாள். "அடுப்பை அணைச்சிட்டு வந்தியா?"

அணைச்சேன், எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு என்று சொல்ல வாயெடுத்தாள் ஓதில். வரவில்லை. "தெரியலடி," என்றாள்.

ஹலினா அவளைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. பின்கதவு வழியாகக் கரும்புகை வந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் முற்றத்தின் பக்கவாசலைத் திறந்துகொண்டு தியெரி உள்ளே வந்தான். அம்மா முற்றத்தில் நிற்பதையும், பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் சமையலறைக்குள் பாய்வதையும் பார்த்தான்.

"அம்மா! அவதானே? கையும் களவுமா மாட்டிக்கிட்டா! நீ இங்கயே நில்லு, நான் போலீசைக் கூப்பிடறேன்."

ஓதில் அவன் கையைப் பிடித்தாள். வாழ்நாளில் யாருக்கும் அவள் நற்சாட்சி சொன்னதில்லை. முதல் தடவையாக இப்போது சொன்னாள்.

"கூப்பிடாதேடா. அவ என் வீட்டைக் காப்பாத்திக்கிட்டிருக்கா. திருடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் செஞ்சது நான்." உள்ளே ஹலினா சட்டியைத் தண்ணீரில் போடும் சத்தமும் போலிஷ் வசவுகளும் கேட்டன. ஓதில் மகனின் கையை விடவில்லை. "அந்த ரூமைப் பத்திச் சொல்லு. காபி குடிக்க ஹலினா வந்து போற மாதிரி பஸ் இருக்கா?"