பார்க்கக் கூடாத பேஸ்பால்

ஞாயிறு, காலை 6.10. நாகர்கோவில்.

கடியப்பட்டணத்துக்குப் பேஸ்பால் பார்க்கப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்திருந்தது. அதனால்தான் கிளம்பினேன். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. ஐம்பத்து மூன்று வயதில், எந்த மைதானத்துக்குப் போகலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் எனக்குச் சொல்லித் தருவதா? அனுப்பியது ஒரு விளையாட்டுச் சங்கம். பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தர மாட்டேன். அங்கீகாரம் இல்லாத லீக்கில் ஆடுகிறவர்கள், நடுவர்கள், பார்க்கப் போகும் ஆசிரியர்கள் எல்லோர் மேலும் நடவடிக்கை பாயுமாம். பந்து பொறுக்குகிற நாயை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அண்ணா பேருந்து நிலையத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துத் தந்தபடி, "கோயில்ல பூசைக்காக்கும் போறிய?" என்று கேட்டார்.

"இல்லை, பேஸ்பால் பார்க்க."

"அந்த அடிச்சிட்டு ஓடுகதா? எனக்க மச்சினன் மகனும் ஆடுகான். எதுக்கு ஓடுகான், எங்க நிக்கான்னு ஒரு எழவும் புரியல்ல. ஆனா ஒரு ஆட்டம் விட மாட்டேன்."

திங்கள்நகர், மணவாளக்குறிச்சி வழியாகச் சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போனோம்.

காலை 7.30. கடியப்பட்டணம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையேறிக் கிடந்தன. மைதானம் என்பது கடலை ஒட்டிய மணல்வெளி. நுழைவு இருபது ரூபாய். மூன்று புறமும் கயிறு. ஒரு புறம் மட்டும் கயிறு இல்லை, அங்கே அலை. பந்து கடலில் விழுந்தால் ஹோம் ரன், அதை எடுத்துவர வேண்டியது அடித்தவரின் பொறுப்பு என்று இங்கே சட்டம்.

சட்டம் போட்டவர் வின்சென்ட், இந்த லீக்கின் நடுவர். பஹ்ரைனில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது பக்கத்து மைதானத்தில் அமெரிக்கர்கள் ஆடியதை வேலியோரம் நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றாராம். ஊர் திரும்பியபின் கரையில் மீன் ஏலம் விடுகிறார்.

"கடியப்பட்டணம், தோவாளை, திருவட்டாறு, கொட்டாரம். நாலு டீம்தான் டீச்சர்," என்றார். "ஆடுகவியளுக்கு ஆட்டத்துக்கு ஐந்நூறு ரூவா குடுக்கோம். எங்க டிக்கெட்டு, எங்க காசு. அதாக்கும் அவியளுக்குப் பொறுக்கல்ல."

"ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுவதும் பொறுக்கவில்லையாம். எனக்கு வந்த செய்தியில் இருந்தது."

"பொறுக்காட்டி கடல்வெள்ளம் குடிக்கட்டும்."

காலை 9.05.

தோவாளைக்காரர்கள் பூ ஏற்றும் டெம்போவிலேயே வந்து இறங்கினார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். விடியற்காலையில் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஆட்கள். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். டெம்போவைத் திறந்ததும் பிச்சிப்பூ வாசம் கருவாட்டு வாசத்தோடு மல்லுக்கு நின்றது. அணியை நடத்துகிற ராஜமணி பூ வியாபாரி. அவருடைய பந்துவீச்சாளர் முத்துக்குட்டிக்கு இருபத்து மூன்று வயது. மாநில அணிக்கான முகாமுக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் முகாம். அந்தச் சான்றிதழ் கையில் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. இன்று ஆடியது தெரிந்தால் முகாமும் இல்லை, வேலையும் இல்லை.

தெரியாமல் போக வழியே இல்லை. சங்கத்து ஆள் ஒருவர் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னையும் எடுத்தார். முந்தானையைச் சரிசெய்து நின்று கொடுத்தேன். தெளிவாக விழட்டும்.

ராஜமணி பையனை டெம்போவுக்குப் பின்னால் அழைத்துப் போனார். நானும் வெட்கமில்லாமல் கூடவே போனேன்.

"மக்கா, இண்ணைக்கு நீ எறிய வேண்டாம். பின்னால பந்து பிடிக்க நில்லு. அங்க இரும்பு மொகமூடி உண்டுமில்லா, அதப் போட்டா எவனுக்கும் ஆள் தெரியாது. வேற பேரு குடுத்துருவோம்."

"நான் என்னத்த களவாண்டேன், மொகத்த மறைக்கதுக்கு?"

"ஒனக்க நல்லதுக்குத்தான் சொல்லுகேன். வேல போச்சுன்னா ஒனக்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

முத்துக்குட்டி தொப்பியைக் கழற்றி டெம்போவுக்குள் போட்டான். பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, நிதானமாகத் தலையில் சுற்றிக் கட்டினான். அவன் வீட்டார் அய்யாவழியைச் சேர்ந்தவர்கள். அந்த வழிபாட்டில் ஆண்கள் கும்பிடப் போகும்போது தலைப்பாகை கட்டுவார்கள். தலையில் துண்டு கட்டக் கூடாது என்று இந்தச் சீமையில் ஒரு காலத்தில் அடக்கி வைக்கப்பட்டவர்கள், எவனுக்கும் குனிய மாட்டோம் என்று கட்டிய கட்டு அது. ஆட்டத்துக்கு அதைக் கட்டி வந்தவர் அதுவரை யாரும் இல்லை.

அவன் நேரே அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான்.

"இப்பம் எடுங்க சார். பேரு முத்துக்குட்டி, ஊரு தோவாளை. அப்பா பேரு வேணும்னா அதையும் சொல்லுகேன்."

அந்த மனிதர் போனைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கி ஒரு படம் எடுத்தார். வின்சென்ட் மைக்கில் அந்தப் பெயரையும் ஊரையும் மூன்று முறை சொன்னார். கயிற்றுக்கு அப்பாலிருந்து விசில் பறந்தது, அதுவும் எதிரணி ஊரில்.

காலை 9.45.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரே வரியில் சொல்கிறேன்: மூன்று நல்ல பந்துகளைக் கோட்டைவிட்டால் மட்டைக்காரர் வெளியே. அதற்கு வின்சென்ட் வைத்திருக்கும் கணக்கு ஏலக் கணக்கு. முதல் பந்து தவறினால் "ஒருதரம்" என்பார். அடுத்ததற்கு "ரெண்டுதரம்". "மூணுதரம்" என்று இழுத்துக் கையை வெட்டியதும், சாளை மீன் கூடை கைமாறியது மாதிரி மட்டைக்காரர் நடையைக் கட்ட வேண்டியதுதான். முத்துக்குட்டி ஒன்பது பேரை இப்படி ஏலத்தில் தள்ளினான். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எறியக் கற்றுக்கொடுத்தவள் நான். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

இருந்தும் தோவாளை தோற்றது, ஆறுக்கு ஐந்து. வலை வேலை பார்க்கும் ஒரு பெண் அவனுடைய கடைசிப் பந்தைக் கடலுக்குள் அனுப்பிவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தேடினாள். முத்துக்குட்டி அவளுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

பகல் 12.50.

தோற்றவர்களுக்கும் மசித்து மயக்கிய மரச்சீனிக் கிழங்கும் அயலை மீன் குழம்பும் உண்டு. இலையில் பாதி இருக்கும்போது ராஜமணியின் போனில் செய்தி வந்தது. படித்துவிட்டுப் பையனிடம் நீட்டினார். முகாமிலிருந்து பெயர் நீக்கம். மூன்று வருடம் தடை. பதினைந்து நாளுக்குள் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம்.

முத்துக்குட்டி இரண்டு முறை படித்தான். கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"கடிதம் கொடுத்துவிடு தம்பி. ஒரு காகிதம்தானே," என்றேன். ஆசிரியைப் புத்தி, வாயில் தானாக வந்துவிட்டது.

"யார்ட்ட மன்னிப்பு கேக்க, டீச்சர்? இருவது ரூவா குடுத்து பாக்க வந்தவியள்ட்டயா?"

இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

பகல் 1.45. திரும்பும் பஸ்.

எங்கள் ஊரில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். போன வருடம் என் மாணவிகள் மூன்று பேர் அனுமதி இல்லாத ஒரு பேஸ்பால் போட்டியில் ஆடினார்கள். சங்கம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. நான்தான் வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, அழுதுகொண்டே எழுதினார்கள். பேச்சியம்மாள் என்ற பிள்ளை மட்டும் கையெழுத்துப் போட்ட கையோடு ஆட்டத்தையே விட்டுவிட்டாள். பிள்ளைகளின் எதிர்காலத்தைக் காப்பாற்றினேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது.

மணவாளக்குறிச்சி தாண்டும்போது பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

"அடுத்த ஞாயிறு நாகர்கோவில் பக்கம் கடியப்பட்டணத்துல திருவட்டாறு டீம் பேஸ்பால் ஆடுது. அவங்களுக்கு ஒரு ஆள் குறையுதாம். வர்றியா?"

"மறுபடி லெட்டர் கேப்பாங்களே, டீச்சர்."

"கேக்கட்டும். நீ எழுத வேண்டாம். நானும் எழுதச் சொல்ல மாட்டேன்."

மறுமுனையில் தீப்பெட்டி அடுக்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நாகர்கோவில்ல எறங்கி எந்த பஸ்ஸு, டீச்சர்?"